அணைக்காமல் வைத்த லேப்டாப்

லேப்டாப்பின் அடியில் நான்கு மூலைக்கும் நான்கு தண்ணீர் பாட்டில் மூடியை வைத்தால் போதும், பாதிச் சூடு குறைந்துவிடும். கடையில் விற்கிற ஃபேன் வைத்த ஸ்டாண்டெல்லாம் வெட்டிச் செலவு. அடியில் விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி வேண்டும், அவ்வளவுதான். பாயில் வைக்கக் கூடாது, மடியில் துண்டு போட்டு அதன் மேல் வைக்கக் கூடாது. இதையெல்லாம் எனக்குச் சொன்னவன் என் அறைத் தோழன். அவன் சொன்ன காலத்தில் நான் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. அவன் செத்த பிறகுதான் ஒன்று விடாமல் செய்தேன்.

ஒரகடத்தில் லாரிக்குப் பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் நாங்கள் மூன்று பேரும் வேலை பார்த்தோம். நானும் அவனும் இரும்பைக் கடைகிற சி.என்.சி. மெஷின் ஓட்டினோம். மூன்றாமவன் விழுப்புரத்துக்காரன், டிப்ளமா படித்து மெயின்டனன்ஸில் இருந்தான். வாலாஜாபாத் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் மாடி அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். மூன்று பேருக்கும் வேறு வேறு ஷிஃப்ட். ஒருவன் வரும்போது ஒருவன் போவான், இன்னொருவன் தூங்கிக்கொண்டிருப்பான். மூவரும் விழித்தபடி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், அதுவும் ஓவர்டைம் இல்லாத ஞாயிறாக இருந்தால்.

லேப்டாப் அவனுடையது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய சரக்கு. அதன் மேல் அவனுக்கு இருந்த அக்கறையைப் பார்த்தால் கல்யாணமான பெண்களுக்கே பொறாமை வரும். அறையில் ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது விரலால் ஸ்கிரீனைத் தொட்டுக் காட்டிவிட்டால் எழுந்துவிடுவான். "வெரல வைக்காதல, வாயால சொல்லு" என்பான். மெஷின் ஓட்டுகிறவனுக்கு எதையும் விரலால் தடவிப் பார்த்தே பழக்கம். பாகத்தின் ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று நாள் முழுக்கத் தடவுகிற கை, வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? மெஷினில் சூடு தணிக்க ஓடுகிற கூலன்ட் எண்ணெய் எங்கள் விரலில் எப்போதும் இருக்கும். சோப்புப் போட்டாலும் போகாது. ஸ்கிரீனில் எங்கள் ரேகை ஒவ்வொன்றும் பளிச்சென்று பதிந்துவிடும். அதை அவன் மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியால் துடைப்பான். தண்ணீரை ஸ்கிரீனில் தெளிக்கக் கூடாது, துணியில்தான் லேசாகத் தொட வேண்டும். மேலிருந்து கீழே, ஒரே திசையில். அழுத்தக் கூடாது. அதற்கு முன்னால் அணைத்து ஆறவைக்க வேண்டும்.

அந்தக் கடைசிச் சட்டத்தை மட்டும் எங்களால் காப்பாற்ற முடியவில்லை.

அந்தக் கோடையில் ஒரு நாள் அவன் மத்தியான பி ஷிஃப்ட்டுக்குக் கிளம்பினான். டேட்டா கார்டைச் சொருகி ஏதோ படம் டவுன்லோடு போட்டுவிட்டு, நாங்கள் நோண்டக் கூடாது என்று ஸ்கிரீனைப் பூட்டிவிட்டுப் போனான். எப்போதும் செய்வதுதான். டவுன்லோடு நிற்காமலிருக்க லேப்டாப் தானாகத் தூங்கிப்போகாதபடி ஏற்கெனவே மாற்றி வைத்திருந்தான். அன்றைக்குக் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டான். யாரோ ஒருவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனான். ஒரகடம் கூட்டு ரோட்டுக்கு முன்னால் ஜல்லி லாரி ஒன்று. ஓட்டியவருக்குக் கால் போயிற்று. இவன் அங்கேயே முடிந்துபோனான்.

ஆஸ்பத்திரி, போலீஸ், ஆம்புலன்ஸ் எல்லாவற்றையும் நானும் விழுப்புரத்தானும் பார்த்தோம். சங்கரன்கோவில் பக்கம் அவன் ஊர். ஊர் வரைக்கும் போய் எரித்துவிட்டு வந்தோம். முகத்தைத் திறக்கவில்லை. திறக்கிற மாதிரி இல்லை. அவன் அம்மா துணி மூட்டையைத்தான் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் அழவில்லை. அழுகை வராதது எனக்கே எரிச்சலாக இருந்தது. உடம்பெல்லாம் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. பசித்தது, சாப்பிட்டேன். தூக்கம் வந்தது, தூங்கினேன்.

மாலை போடுவதற்கு வீட்டில் படம் இல்லை. கம்பெனி அடையாள அட்டையில் இருந்த படத்தை டவுனில் ஸ்டூடியோக்காரர் பெரிதாக்கிக் கொடுத்திருந்தார். வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்தது, மீசை கூட முளைக்காத காலம். அவர் பங்குக்கு முகத்தை வெள்ளையாக்கி, கோட்டும் டையும் போட்டு, பின்னால் நீலத் திரையும் வைத்துவிட்டார். அவன் அம்மா அதைப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிட்டார்கள். "இது எம்புள்ள இல்ல. எம்புள்ள மொகத்தக் காட்டுங்க" என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

கிளம்பும்போது அவன் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, அவென் எப்பப் பாத்தாலும் படம் புடிச்சுக்கிட்டே திரிவாம்லா. எல்லாத்தையும் அந்தக் கம்ப்யூட்டர்லதான் போட்டு வச்சிருக்கேன்னு சொல்லுவான். அதுல அவென் மொகம் இருக்கும். காரியமெல்லாம் முடிச்சிட்டு நான் வாரேன். அது வரைக்கும் பத்திரமா வச்சிருங்க. அவ சாப்புட மாட்டேங்கா."

அறைக்கு வந்து கதவைத் திறந்தால் லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் இல்லாதபோது கரண்ட் போயிருந்தால் தானாக அணைந்திருக்கும். என்ன அதிசயமோ, நீண்ட நேரம் போகவில்லை போலிருக்கிறது. ஸ்கிரீனில் அவன் பெயரும், அதன் பக்கத்தில் லேப்டாப்போடு வந்த ஒரு பூவின் படமும், கீழே பாஸ்வேர்டு கேட்கிற கட்டமும். அடியில் கை வைத்தேன், சுட்டது.

விழுப்புரத்தான் உடனே சொன்னான். "அணைஞ்சிடக் கூடாது. அணைஞ்சா எல்லாம் போயிடும்."

இதை அவன் எங்கிருந்து பிடித்தான் என்று எனக்குத் தெரியும். சி.என்.சி. மெஷினின் கன்ட்ரோலுக்குள் சின்னதாக ஒரு பேட்டரி இருக்கும். மெஷினின் கணக்கு வழக்கெல்லாம் அதன் தயவில்தான் நிற்கும். பேட்டரியை மாற்ற வேண்டுமென்றால் மெஷின் ஓடுகிற நிலையிலேயே மாற்ற வேண்டும். எங்கள் லைனில் ஒரு தடவை மெயினை அணைத்துவிட்டு அதைக் கழற்றிவிட்டார்கள். மெஷினுக்குத் தன் பெயர் கூட மறந்துபோயிற்று. அதைச் சரி செய்ய வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டியதாயிற்று, அது வரை லைன் நின்றது. விழுப்புரத்தான் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. இந்த லேப்டாப்பிலும் பேட்டரி செத்துக்கொண்டிருந்தது, மூலையில் சிவப்பாகக் குறி வேறு காட்டியது. எங்களுக்கு வேறு யோசனையே வரவில்லை. எனக்கும் அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்று பட்டது. யாரையும் கேட்கத் தோன்றவில்லை. பாஸ்வேர்டு சில போட்டுப் பார்த்தோம், அவன் ஊர் பேர், அவன் மெஷின் நம்பர். எதுவும் திறக்கவில்லை. அதற்கு மேல் நோண்டினால் ஏதாவது ஆகிவிடுமென்று விட்டுவிட்டோம்.

அப்படித்தான் அந்த வேலை எங்கள் தலையில் விழுந்தது. அவன் அப்பா வரும் வரைக்கும் லேப்டாப் அணையக் கூடாது.

அணையாமல் காப்பதற்கு இரண்டு எதிரிகள் இருந்தார்கள். ஒன்று சூடு. ஷீட் போட்ட அறையில் மத்தியானம் பாத்திரத்தைத் தொட்டால் கை சுடும். போன கோடையில் அளவுக்கு மேல் சூடாகி அந்த லேப்டாப் தானாகவே அணைந்ததை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். நான் பாட்டில் மூடிகளை வைத்தேன். அறையில் இருந்த ஒரே டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினேன், நாங்கள் வியர்வையில் படுத்தோம். ரோட்டு வேலை நடந்து ஊரெல்லாம் புழுதி. சூடான காற்று வெளியே வருகிற ஓட்டையில் அது பஞ்சு மாதிரி அடைத்திருந்தது. புது டூத்பிரஷ் வாங்கி மெதுவாகத் தட்டித் தட்டி எடுத்தேன். கம்பெனியில் என்றால் காற்றடிக்கிற ஏர் கன்னை வைத்து ஒரே ஊது. இங்கே லேப்டாப்புக்குள் ஓடுகிற ஃபேனை அப்படி ஊதினால் உடைந்துவிடும் என்று அவன் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. ஈரச் சாக்கை ஜன்னலில் கட்டினோம். லேப்டாப் பக்கம் ஈரம் போகாதபடி தள்ளிக் கட்டினோம்.

இரண்டாவது எதிரி கரண்ட். அந்த வருஷம் கரண்ட் போகிற நேரத்தைச் சொல்வதைவிட வருகிற நேரத்தைச் சொல்வது சுலபம். பேட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும். கீழே வீட்டுக்காரம்மாவிடம் இன்வெர்ட்டர் இருந்தது. அந்த ஊரின் பழைய குடும்பம், நிலம் கம்பெனிக்குப் போய் மகன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவராக ஆகியிருந்தார். நான் போய் நின்றேன்.

"இன்னாப்பா, அத்த வெச்சிகினு இன்னா பண்ணப் போறீங்க?" என்றார். சொன்னேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒயர இழுத்துக்கோ. ஜன்னல் வழியா இழுத்துக்கோ. எங்க வூட்ல ஃபேன் நின்னா நிக்கட்டும்."

நானும் விழுப்புரத்தானும் ஷிஃப்ட்டை வேறு வேறாகவே வாங்கிக்கொண்டோம். கம்பெனியில் ஷிஃப்ட் மாறும்போது ஒருவன் அடுத்தவனிடம் மெஷினை ஒப்படைப்பான் இல்லையா, அதே மாதிரி நாங்களும் ஒப்படைத்தோம். "அடிப்பக்கம் சூடு இல்ல. ஃபேன் சத்தம் மாறல. கரண்ட் ஒரு தடவ போச்சு, இன்வெர்ட்டர் பிடிச்சிடுச்சு." அவ்வளவுதான் பேச்சு. செத்தவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியிருக்கவில்லை, லேப்டாப் இருந்தது. மத்தியானம் ஒருவன் கிளம்பி இன்னொருவன் பஸ்ஸில் வந்து சேருவதற்குள் அறையில் ஆள் இல்லாத நேரம் ஒன்று விழும். வெயில் உச்சியில் இருக்கிற நேரமும் அதுதான். அந்த ஷிஃப்ட்டை வீட்டுக்காரம்மா எடுத்துக்கொண்டார். படியேறி வந்து அதன் எதிரில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவார். நான் வந்ததும், "சூடு இல்லப்பா, நல்லா கீது" என்று ஒப்படைத்துவிட்டுப் போவார்.

ஸ்கிரீனைத் தினமும் நான்தான் துடைத்தேன். ஓடுகிற ஸ்கிரீனைத் துடைக்கக் கூடாது என்று தெரியும். ஆனாலும் புழுதி அவன் பெயரின் மேல் படிந்தால் எனக்குப் பொறுக்கவில்லை. கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிக்கொண்டு, அவனுடைய துணியால், மேலிருந்து கீழே. அந்த நாட்களில் எனக்கு ஏதாவது உணர்ச்சி இருந்தது என்றால் அந்த நேரத்தில்தான். அது துக்கம் என்று சொல்ல மாட்டேன். வேலை சரியாக நடக்கிறது என்கிற மாதிரி ஒன்று.

சூப்பர்வைசர் ஒரு நாள் என்னைப் பார்த்து, "என்னய்யா, நண்பன் போய் இதுக்குள்ள நார்மல் ஆயிட்ட. நல்லது" என்றார். ஆமாம் சார் என்றேன்.

அவன் அப்பா ஒரு காலையில் வந்து இறங்கினார். கையில் ஒரு மஞ்சள் பையில் எங்களுக்கு முறுக்கு. இந்த நிலைமையிலும் அந்த வீட்டில் யாரோ முறுக்கு சுட்டிருக்கிறார்கள். அறையில் வந்து உட்கார்ந்து, ஓடுகிற லேப்டாப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மகனின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். நாங்கள் அதை எப்படிக் காப்பாற்றினோம் என்று விழுப்புரத்தான் முழுசாகச் சொன்னான். அவர் எழுந்து எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டார்.

ஸ்ரீபெரும்புதூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருந்தவரை விழுப்புரத்தான் போய் அழைத்து வந்தான். அவர் ஒயரையும், ஈரச் சாக்கையும், பாட்டில் மூடியையும் பார்த்தார்.

"எதுக்கு இத்த இப்டி அணைக்காம வெச்சிகினு கீறீங்க?"

"அணைச்சா எல்லாம் அழிஞ்சிடும்ல சார்."

"யாரு சொன்னது? ஹார்ட் டிஸ்க்ல கீறது எங்க போவப் போவுது? அணைச்சி அலமாரில வெச்சிருந்தாலும் அப்டியேதான் இருந்துருக்கும்."

சொல்லிக்கொண்டே பட்டனை அழுத்திப் பிடித்தார். ஃபேன் சத்தம் நின்றது. நானும் விழுப்புரத்தானும் ஒரே நேரத்தில் ஒரு அடி முன்னால் வைத்து, அப்படியே நின்றோம். வீட்டுக்காரம்மா வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டார். வேறு ஒன்றும் நடக்கவில்லை. ரிப்பேர்க்காரர் ஒரு சி.டி.யைப் போட்டு மறுபடி ஆன் செய்தார். பாஸ்வேர்டு கேட்காமலே உள்ளே போய்விட்டார். படமெல்லாம் பத்திரமாக இருந்தது.

அக்கா கல்யாணம் இருந்தது. அம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தது, அப்பா கிணற்று மோட்டாரைக் கழற்றுவது, அத்தை, மாமா, கோவில் கொடை, பக்கத்து வீட்டு ஆடு. அப்புறம் எங்கள் அறை. நான் வாயில் சோற்றோடு. விழுப்புரத்தான் ஷூ மாட்டுவது. கம்பெனி பஸ் ஜன்னல் வழியாக ஏரி. மேலும் மேலும் வந்துகொண்டே இருந்தது. அப்பா ஒவ்வொன்றுக்கும் யார் என்று சொல்லிக்கொண்டு வந்தார். கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வதை நிறுத்திவிட்டார். கடைசி ஃபோல்டர் முடிந்ததும் ரிப்பேர்க்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவன் எதிலும் இல்லை. எல்லாப் படத்தையும் எடுத்தவன் அவன். கேமராவை இன்னொருவர் கையில் கொடுத்து, என்னையும் ஒன்று எடு என்று அவன் கேட்டதே இல்லை. எங்களுக்கும் தோன்றவில்லை.

அப்பா போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். "இல்ல" என்று மட்டும் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, போனை என்னிடம் நீட்டினார். "ஒங்கிட்டப் பேசணுமாம்."

"தம்பி, நீ கூடவே இருந்தவம்லா," என்றார்கள் அம்மா. "எப்படி இருந்தான்னு நீ சொல்லு. மொகம் எப்படி இருந்துச்சு?"

கண்ணை மூடினால் நீலமாக ஸ்கிரீனும் அதில் பூவும்தான் வந்தது. ஷிஃப்ட்காரர்கள் நாங்கள். நான் அவன் முகத்தை நிறைய பார்த்தது அவன் தூங்கும்போதுதான். அதைச் சொன்னேன்.

"பகல்ல தூங்குவாம்மா. வெளிச்சத்துக்குக் கண்ணு மேல துண்டு போட்டுக்குவான். வாயும் தாடையும் மட்டும் தெரியும். வாய் கொஞ்சம் தெறந்திருக்கும்."

"எச்சி ஒழுகுமா?"

"ஆமாம்மா."

அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "சின்னதுலருந்தே அப்படித்தான். தலவாணியெல்லாம் நனைச்சிருவான்." பிறகு கேட்டார்கள். "அந்தத் தலவாணி இருக்கா தம்பி? தொவைச்சிட்டீகளா?"

இல்லை என்றேன். துவைக்கவில்லை என்பது நிஜம். செத்தவர் படுத்த பாயையும் தலையணையையும் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று வீட்டுக்காரம்மா சொல்லி, ஊருக்குப் போய் வந்த அன்றே ஏரிக்கரையில் போட்டுவிட்டோம். அந்த ஊரில் எல்லாரும் அங்கேதான் போடுவார்கள்.

"அப்பம் தொவைக்காம அப்படியே அப்பாட்ட குடுத்துவிடு. என்னா?"

சரிம்மா என்று சொல்லிப் போனைக் கொடுத்தேன். உடனே அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "எடத்தக் காட்டுங்க" என்றார்.

வீட்டுக்காரம்மா முன்னால் நடந்தார். "நாந்தான் போடச் சொன்னேன், பாவி நான்" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். ஏரி வற்றிக் கிடந்தது. கரையோரம் பாய்கள், தலையணைகள், பழைய போர்வைகள், யார் யாருடையதோ. நாய் கடித்து இழுத்துப் பஞ்சு எங்கும் பறந்து கிடந்தது. அந்த வெயிலில் நாங்கள் நால்வரும் குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டினோம். விழுப்புரத்தான் எதையோ தூக்கிக்கொண்டு சத்தமாக அழ ஆரம்பித்தான். அவன் தலையணையில் உறை மட்டும் மிச்சமிருந்தது. பச்சைக் கோடு போட்ட உறை. வெயிலில் ஒரு பக்கம் வெளுத்திருந்தது. மறு பக்கம், மண்ணில் அமுங்கிக் கிடந்த பக்கம், கறை அப்படியே இருந்தது.

அப்பா அதை உதறவில்லை. அறைக்கு வந்ததும் லேப்டாப் பையை எடுத்து, உள்ளே இருந்த சார்ஜரையும் ஒயரையும் வெளியே வைத்தார். உறையை நான்காக மடித்து அதற்குள் வைத்து ஜிப்பை மூடினார். தோளில் மாட்டிக்கொண்டார். லேப்டாப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். படங்கள் அதில்தானே இருக்கின்றன என்றேன்.

"அதுல எங்க மொகந்தான இருக்கு, தம்பி," என்றார். "அது எங்ககிட்டயே இருக்கு."

அதைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். எல்லா நாளும் போலவே அடியில் கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.